அத்தியாயம் 7: கயிற்றை இழுத்தும் கிளம்பாத படகு மோட்டார்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குக் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிறைந்தால் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும். 2015 டிசம்பர் 1 இரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்தில் சிக்கிய மக்களை மீட்க, கடலோர மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வரதராஜபுரம், முடிச்சூர் தெருக்களில் மறுபடி படகு விட வேண்டியிருந்தது.

அதனால் இந்த வட்டாரத்தில் ஒரு பஞ்சாயத்தோ, தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவோ, இளைஞர் குழுவோ மோட்டார் படகு ஒன்றை வாங்கி வைத்தால் அது வீண்செலவு ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மீனவரின் மோட்டார் தினமும் ஓடுகிறது. மீட்புக்காக வாங்கிய மோட்டார் ஒன்பது பத்து மாதம் ஷெட்டில் சும்மா நிற்கிறது. தண்ணீர் வாசலுக்கு வந்த நாளில் கயிற்றை இழுத்தால் கிளம்புவதில்லை.

சும்மா நின்ற மோட்டாரில் பிஸ்டனோ கிராங்கோ கெட்டிருப்பது அரிது. பழைய பெட்ரோல், அடைத்த ஜெட், ஈரமான பிளக், மூடிய காற்றுத் திருகு என்று கையால் சரிசெய்யக்கூடிய காரணமே பெரும்பாலும் இருக்கும். ஒரு வரிசைப்படி பார்த்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். வரிசையை மீறி எடுத்தவுடன் கார்புரேட்டரைக் கழற்றினால் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

## பைக் இன்ஜின் தெரிந்தவர்கள் கவனிக்க

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இன்ஜினைத் தொட்டுப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த அனுபவம் இங்கே உதவும். ஆனால் படகு மோட்டார் நான்கு விஷயங்களில் வேறுபடும்.

1. தண்ணீர்தான் குளிர்விக்கிறது. கீழே உள்ள ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே அந்த ரப்பர் கெடத் தொடங்கும்.
2. கில் ஸ்விட்ச் கிளிப் உண்டு. சிவப்பு சுருள் கயிற்றின் முனையில் இருக்கும் அந்தக் கிளிப் இடத்தில் இல்லாவிட்டால் பிளக்கில் தீப்பொறியே வராது.
3. டேங்க் தனியாக இருக்கும். நடுவே ஹோஸ், ரப்பர் பல்பு, இணைப்பான்கள் என்று காற்று நுழையக்கூடிய இடங்கள் பல.
4. ஆயில் வேறு. டூ ஸ்ட்ரோக் படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 தர ஆயில் வேண்டும். ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது.

## பையில் இருக்க வேண்டியவை

* உங்கள் மோட்டாரின் கையேடு
* பிளக் ஸ்பானர், திருப்புளி, இடுக்கி
* அதே எண் கொண்ட புதிய பிளக்குகள், இன்ஜினில் உள்ள எண்ணிக்கையில்
* ஸ்பார்க் டெஸ்டர்
* மாற்று கில் ஸ்விட்ச் கிளிப்
* அவசரத்துக்கு ஃப்ளைவீலில் சுற்றும் கயிறு
* மாற்று எரிபொருள் ஃபில்டர், ஹோஸ் கிளாம்ப்புகள்
* மூடியுள்ள கண்ணாடி பாட்டில், உலர்ந்த பருத்தித் துணி
* தீயணைப்பான்

## தொடங்கும் முன் பாதுகாப்பு

* திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகையும் ஆபத்து, பெட்ரோல் ஆவியும் ஆபத்து.
* பீடி, சிகரெட், அடுப்பு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது.
* லுங்கி, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, விரித்த தலைமுடி எதுவும் ஃப்ளைவீல் பக்கம் போகக் கூடாது.
* படகைத் தள்ளும் விசிறியின் அருகில் யாரும் நிற்க வேண்டாம். கரையில் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுவது நல்லது.
* கயிற்றை இழுப்பவரின் முழங்கை பின்னால் வேகமாக வரும். அவருக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது.
* மோட்டாரைப் பெரிய டிரம்மில் நிறுத்தி, விசிறிக்கு மேலே உள்ள கிடைத்தகடு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

## முதல் சுற்று: மோட்டார் மூடியைத் திறக்காமல்

ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்துவிட்டு ‘சரிதான்’ என்று நகர வேண்டாம்.

1. கிளிப். கழற்றி மறுபடி மாட்டுங்கள். முழுதாக உள்ளே உட்கார வேண்டும்.
2. கியர். நியூட்ரலில் இருக்க வேண்டும். பல மோட்டார்களில் கியரில் இருந்தால் கயிறே இழுபடாது. கயிறு இறுகிப்போனால் முதலில் இதைப் பாருங்கள்.
3. டேங்க் மூடியின் காற்றுத் திருகு. வண்டியில் கொண்டு வரும்போது மூடியிருப்பீர்கள். இப்போது திறங்கள். மூடியே இருந்தால் மோட்டார் சில நிமிடம் ஓடி அணைந்துவிடும்.
4. எரிபொருள். டேங்கின் அளவுமானியை நம்பாமல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்.
5. ஹோஸ். இரண்டு முனைகளும் சொடுக்கென்று உட்கார்ந்திருக்க வேண்டும். பல்பின் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும். மோட்டாரிலேயே டேங்க் இருந்தால் எரிபொருள் குழாயின் திருகைத் திறங்கள்.
6. பல்பு. இன்ஜின் பக்க முனை மேலே இருக்கும்படி பிடித்து, கெட்டியாகும்வரை அழுத்துங்கள்.
7. சோக். குளிர்ந்த இன்ஜின் என்றால் இழுங்கள். சற்று முன் ஓடிய சூடான இன்ஜினுக்கு வேண்டாம்.
8. த்ராட்டில். கைப்பிடியில் ஸ்டார்ட் என்று குறித்த இடத்தில் வையுங்கள்.

இப்போது கயிற்றை மெதுவாக இழுங்கள். பல் பிடித்து இறுகும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து ஒரே வேகத்தில் இழுங்கள். கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல், பிடித்தபடியே உள்ளே போக விடுங்கள். கிளம்பியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். இன்ஜினிலிருந்து தண்ணீர் பீச்சி வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

குறிப்பு: ஐந்தாறு முறை இழுத்தும் கிளம்பவில்லை என்றால் நிறுத்துங்கள். கோபத்தில் இன்னும் இருபது முறை இழுத்தால் பெட்ரோல் வழிந்து பிளக் நனையும், கயிறும் அறும்.

## பல்பு சொல்லும் செய்தி

அடுத்து எங்கே தேடுவது என்பதைப் பல்பே சொல்லிவிடும்.

* எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகவில்லை, எங்கும் கசியவில்லை: டேங்க் காலி, அல்லது ஹோஸ் இணைப்பில் காற்று நுழைகிறது, அல்லது பல்பின் உள் வால்வு கெட்டிருக்கிறது.
* கெட்டியாகவில்லை, மோட்டாரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது: கார்புரேட்டரின் மிதவை ஊசி சிக்கியிருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் பக்கவாட்டில் திருப்புளிக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சொட்டுவது நிற்காவிட்டால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தீப்பிடிக்கும்.
* ஓடும்போது பல்பு சப்பையாக உறிஞ்சப்படுகிறது: காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்க் பக்கம் அடைப்பு.
* கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லை: எரிபொருள் இன்ஜின்வரை வந்துவிட்டது. அது நல்ல எரிபொருளா என்பதே அடுத்த கேள்வி.

## இரண்டாம் சுற்று: எரிபொருள்

சும்மா நின்ற மோட்டாரில் அதிகப் பழுது இங்கேதான். அவசரப்படாமல் பாருங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காற்றில் பாதி காலியான டேங்க் மாதக்கணக்கில் நின்றால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஹோஸ் உறிஞ்சுவதும் அதே அடிமட்டத்திலிருந்துதான். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்குப் போவது தண்ணீர்.

1. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். சில நிமிடம் அசையாமல் வையுங்கள்.
2. இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ அந்த டேங்கை முழுதாகக் காலி செய்யுங்கள். நல்ல பெட்ரோலைக் கலந்து சமாளிக்க முயல வேண்டாம்.
3. கழித்த பெட்ரோலைக் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ ஊற்றாதீர்கள். மூடிய கேனில் வைத்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி.
4. புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். ஆயில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் கையேடு 50:1 என்று சொன்னால், லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரின் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது.
5. மோட்டார் மூடியைக் கழற்றி ஃபில்டர் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் தண்ணீர் முத்துகளோ துருவோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள்.
6. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே துணியையும் சின்ன டப்பாவையும் பிடித்து அதைத் தளர்த்தி, பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். பல்பை அழுத்திப் புதியது தெளிவாக வந்ததும் திருகை இறுக்குங்கள்.
7. சிந்தியதைத் துடைத்து, ஆவி போகும்வரை சில நிமிடம் காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்புரேட்டரை முழுதாகக் கழற்றாமலே ஆறாவது படியில் பல மோட்டார்கள் உயிர்பெறும். சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளினால் அணைகிறது என்றால் ஜெட் அடைத்திருக்கிறது. அப்போதுதான் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை வரும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டார் என்றால்: நம் கடற்கரையில் புழங்கும் மண்ணெண்ணெய் மாடல்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கும், அடுத்த முறை குளிர்ந்த இன்ஜின் கிளம்பாது. பழைய மோட்டாரை மீனவரிடமிருந்து வாங்கினால் இது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## மூன்றாம் சுற்று: பிளக்கும் தீப்பொறியும்

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்.

* காய்ந்திருக்கிறது: எரிபொருள் சிலிண்டருக்குள் வரவில்லை. இரண்டாம் சுற்றுக்குத் திரும்புங்கள்.
* பெட்ரோலில் நனைந்திருக்கிறது: ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது, அல்லது தீப்பொறி இல்லை.
* தண்ணீர்த் துளி இருக்கிறது: எரிபொருளில் தண்ணீர், அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் நுழைந்திருக்கிறது.
* கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது: ஆயில் அதிகம், அல்லது சோக்கிலேயே வெகுநேரம் ஓடியிருக்கிறது. புதிய பிளக் போடுங்கள்.

தீப்பொறியைச் சோதிக்கும் முறை:

1. சிந்திய பெட்ரோலைத் துடையுங்கள். டேங்க் ஹோஸைக் கழற்றித் தள்ளி வையுங்கள்.
2. பிளக் துளைகளின் மேல் துணியைப் போடுங்கள். உள்ளே உள்ள பெட்ரோல் ஆவி பீச்சி வரும். அதன் பக்கத்தில் தீப்பொறி வந்தால் குப்பென்று பற்றும்.
3. பிளக் கேப்பில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் பிடிக்க வையுங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் மற்ற கேப்பையும் உலோகத்தோடு இணைத்து வையுங்கள்.
4. கில் ஸ்விட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கயிற்றை இழுங்கள்.
5. நீலமான, அழுத்தமான தீப்பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் போதாது.

தீப்பொறியே இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: புதிய பிளக், பிறகு பிளக் கேப், பிறகு எர்த் வயர் இணைப்பு, பிறகு கில் ஸ்விட்ச். ஸ்விட்ச் உள்ளே துருப்பிடித்தால் எப்போதும் ‘அணை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சோதிப்பதற்காக மட்டும் அதன் வயரைச் சிடிஐ பக்கத்தில் கழற்றி இழுத்துப் பாருங்கள். தீப்பொறி வந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. அந்த வயரைக் கழற்றியபடியே படகை எடுத்துப் போகாதீர்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை அணைக்க வழி இருக்காது, விசிறி அவர் மேலேயே வரலாம். வயரைக் கழற்றியும் தீப்பொறி இல்லாவிட்டால் காயிலோ சிடிஐயோ கெட்டிருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

பிளக் எண்: என்ஜிகே பிளக்கின் எண் பி7எச்எஸ்-10 என்பதுபோல 10 என்று முடிந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர். பைக்கில் இருந்த பிளக்கை அளவு பொருந்துகிறது என்று மாட்டாதீர்கள். புதிய பிளக்கைக் கையாலேயே முழுதாகத் திருகி, கடைசியாக ஸ்பானரால் கால் முதல் அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

## ஓவர்ஃப்ளோ ஆனால்

1. சோக்கை உள்ளே தள்ளுங்கள். ஹோஸைக் கழற்றுங்கள்.
2. பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காய வையுங்கள்.
3. கில் ஸ்விட்ச் கிளிப்பை எடுத்துவிடுங்கள். பிளக் கேப்புகளைத் துளைக்கு அருகில் விடாதீர்கள்.
4. த்ராட்டிலை முழுதாகத் திறக்க முடிந்தால் திறந்து, கயிற்றைச் சில முறை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறும்.
5. பத்து நிமிடம் காத்திருந்து பிளக்கை மாட்டி, கிளிப், ஹோஸ் இரண்டையும் பொருத்தி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பியதும் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள்.

## பேட்டரியில் கிளம்பும் மோட்டார்

‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதி தீர்ந்துவிட்டது, சார்ஜ் போடுங்கள். அவசரத்தில் ஃப்ளைவீலில் கயிறு சுற்றி இழுக்கலாம். ஆனால் அப்போது நியூட்ரல் பாதுகாப்பு வேலை செய்யாது, சுழலும் ஃப்ளைவீலும் திறந்திருக்கும். கியரை இருமுறை பாருங்கள். ஓடத் தொடங்கியதும் மூடியை மாட்ட முயலாதீர்கள்.

## வெள்ளத்தின் நடுவே அணைந்தால்

1. முதலில் நங்கூரம் போடுங்கள், அல்லது மரத்தில் படகைக் கட்டுங்கள். மின்கம்பத்தைத் தொடாதீர்கள். இழுவையில் போகும் படகில் மூடியைத் திறப்பது ஆபத்து.
2. எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு படகின் நடுவில் உட்காரட்டும். எல்லோரும் மோட்டார் பக்கம் நகர்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறும்.
3. மோட்டாரை அணைத்து, கிளிப்பை எடுத்துவிட்டு மேலே தூக்கி விசிறியைப் பாருங்கள். நகர வெள்ளத்தில் சேலை, சாக்கு, பிளாஸ்டிக் பை, கேபிள் எல்லாம் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் உறிஞ்சும் துளைகளையும் துடையுங்கள்.
4. காற்றுத் திருகு, ஹோஸ், பல்பு, கிளிப் நான்கையும் மறுபடி பாருங்கள். யாராவது ஹோஸை மிதித்திருப்பார்கள்.
5. ஐந்து நிமிடத்தில் கிளம்பாவிட்டால் துடுப்பைக் கையில் எடுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112. துடுப்பும் கயிறும் இல்லாத மோட்டார் படகை வெள்ளத்தில் இறக்கவே கூடாது.

## மோட்டார் தண்ணீரில் மூழ்கினால்

ஓடும்போது மூழ்கிய மோட்டாரின் கயிறு இறுகியிருந்தால் பலத்தால் இழுக்காதீர்கள். உள்ளே கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். நின்றபோது மூழ்கியது என்றால், சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, மெதுவாகக் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வடியுங்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுழற்றுங்கள். கார்புரேட்டரை வடித்துவிட்டு அன்றே ஓடவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பேரிங்குகள் துருப்பிடித்துவிடும்.

## எங்கே நிறுத்த வேண்டும்

நல்ல பெட்ரோல் வருகிறது, நீலத் தீப்பொறி வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டும். கேஜ் இருந்தால் எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அல்லது கயிறு வழக்கத்தைவிட இலேசாக வந்தால், ரிங்கோ கேஸ்கட்டோ போயிருக்கிறது. அங்கே உங்கள் வேலை முடிகிறது. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதுவரை என்னென்ன பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருடைய பாதி நேரம் மிச்சமாகும்.

## மழைக்கு முன் ஓர் ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே இதை முடித்துவிடுங்கள்.

1. டேங்கைக் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். எவ்வளவு எத்தனால் வரை அனுமதி என்று கையேட்டில் பாருங்கள்.
2. புதிய பிளக், ஃபில்டர் மாட்டுங்கள். ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.
3. டிரம்மில் வைத்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் பீச்சுகிறதா பாருங்கள்.
4. கார்புரேட்டர் மோட்டார் என்றால், ஹோஸைக் கழற்றி அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தையும் வடித்து நிறுத்துங்கள்.
5. மழைக்காலம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றாம், நான்காம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். தேதியையும் செய்தவர் பெயரையும் மோட்டார் மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் குறியுங்கள்.
6. ஒவ்வொரு முறையும் வேறொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். வெள்ளம் வரும் இரவில் பழகியவர் ஊரில் இல்லாமல் போகலாம். குழுவில் குறைந்தது நான்கு பேருக்காவது முதல் சுற்று மனப்பாடமாக இருக்க வேண்டும்.